பெரியகல்லாற்று ஸ்பானிஷ்

வினாயகமூர்த்தி பிறந்து வளர்ந்தது ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாகக் கிடக்கும் பெரியகல்லாற்றில். என்றாலும் கப்பல் ஏறும்வரை அவர் கடலில் ஒரு தரமாவது போனதில்லை. அவருடைய தண்ணீர் வாவித் தண்ணீர்தான். அது தட்டில் ஊற்றிய கஞ்சிபோல ஆடாமல் அசையாமல் கிடக்கும். கடலை அவர் பார்த்ததெல்லாம் கரையில் நின்று, அதுவும் காற்சட்டை நனையாத தூரத்தில் நின்றுதான்.

பிரதான வீதியோரம் அவருக்கு ஒரு சைக்கிள் திருத்தும் கடை இருந்தது. அது வயிற்றுக்கு. மனதுக்கு எக்கோடியன் இருந்தது. மட்டக்களப்பு நகரிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த, போர்த்துக்கேய வழிவந்த ஒரு பறங்கிக் குடும்பம் போகிற அவசரத்தில் அதைக் கொடுத்துவிட்டுப் போனது. பதிலுக்கு வினாயகமூர்த்தி உதிரிப்பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிய ஒரு சைக்கிளைக் கொடுத்தார். அந்தச் சைக்கிளைக் கப்பலில் ஏற்றி மெல்போர்ன்வரை கொண்டுபோனார்களாம். எக்கோடியனை ஊரில் யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. மார்பில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து வாசிப்பதால் அது எல்லோருக்கும் இழுவைப்பெட்டி.

அவர் வாசித்த நீலவாவி இசைக்குழு நன்றாக ஓடிய காலத்தில் கல்முனையிலிருந்து தன்னாமுனை வரைக்கும் இழுவைப்பெட்டி இல்லாத கலியாண வீடு இல்லை. பிறகு யுத்தம் முற்றியது. பொழுது சாய்ந்தால் ஊர் கதவைச் சாத்தியது. கலியாணங்கள் காலையிலேயே முடிந்து, மாப்பிள்ளை பொம்பிளை பகல் சாப்பாட்டுக்கு முன்னரே வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒலிபெருக்கி கட்டுவதென்றால் ஆமியிடமும் கேட்கவேண்டும், இயக்கத்திடமும் கேட்கவேண்டும். ஒருவர் சம்மதித்தால் அவர் ஏன் சம்மதித்தார் என்று மற்றவர் விசாரிப்பார். பாட்டுக்காரன் சுவிசுக்குப் போனான். தபேலா வாசித்த ஏறாவூர் ஹலீம் கொழும்புக்குப் போய் ஹோட்டல் கலியாணங்களில் ட்ரம் அடித்தார். கிற்றார்காரன் எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை, அவனுடைய தாயும் சொல்லவில்லை. வினாயகமூர்த்தி மட்டும் கடையில் இருந்து டியூப்புக்கு ஒட்டுப் போட்டார்.

அந்த நாட்களில் துவக்கு வைத்திருந்தவர்கள் எல்லோருமே சைக்கிளில்தான் திரிந்தார்கள். ஆகவே எல்லோரும் அவருடைய கடைக்குத்தான் வந்தார்கள். காற்றடிக்கிற பம்மை ஒரு பக்கத்தார் இரவல் என்று கொண்டுபோவார்கள். புதிதாக ஒன்று வாங்கி வைத்தால் மறுபக்கத்தார் வந்து அதையும் கொண்டுபோவார்கள். திருப்பித் தந்தவர் ஒருவருமில்லை. "பம்ம ஆர் கொண்டு போனது?" என்று அவனும் கேட்பான், இவனும் கேட்பான். அதற்கு எந்தப் பதிலும் ஆபத்தான பதில். "மழ வரும் போலக் கிடக்கு" என்று வினாயகமூர்த்தி வானத்தைப் பார்ப்பார். அவர் மட்டுமல்ல, அந்தக் காலத்தில் ஊரே மழையைப் பற்றித்தான் கதைத்தது. சித்திரை வெயிலிலும் கதைத்தது.

கொழும்பிலிருந்து ஹலீமின் செய்தி கல்முனைத் தொலைபேசிக் கடை ஒன்றுக்கு வந்து, அங்கிருந்து வாய்வழியாக இரண்டு ஊர் தாண்டி, "உங்களக் கப்பலுக்கு எடுத்திரிக்கியாம்" என்று உருமாறி வந்து சேர்ந்தது. வினாயகமூர்த்தி கல்முனைக்குப் போய்த் திருப்பி அழைத்தார்.

"மச்சான், கிரேக்கக் கம்பனி ஒண்டு உல்லாசக் கப்பலுக்கு மூணு பேர் கொண்ட பேண்ட் ஒண்டு தேடுது. நான் இரிக்கன். நீர்கொழும்பு அன்ரன் கிற்றாருக்கு இரிக்கான். எக்கோடியனுக்கு ஆள் இல்ல. இழுவைப்பெட்டியத் தூக்கிட்டு வா" என்றார் ஹலீம்.

வீட்டில் தெய்வமணி அதை நம்பவில்லை. அவள் குருக்கள்மடத்துப் பெண். எதையும் இரண்டு தரம் புரட்டிப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள்.

"கப்பலெண்டா சாமான் ஏத்துறதுக்கு. அதுக்குள்ள என்னத்துக்குப் பாட்டு?"

"மனுசரும் போவாங்க கா. சும்மா சுத்திப் பார்க்க."

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் போறதுக்கு இல்ல. போயிட்டு, கிறுகி வெளிக்கிட்ட இடத்துக்கே வாறதுக்கு."

போன மாதம்தான் சுற்றிவளைப்பு ஒன்றில் ஊர் ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்திவைத்து, முகத்தை மூடிய தலையாட்டி ஒருவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டிருந்தார்கள். அவன் தலையை ஆட்டினால் ஆளை ஆமி கொண்டுபோய்விடும். வினாயகமூர்த்தியைப் பார்த்துத் தலை ஆடவில்லை. ஆனால் ஆடுமோ என்று அது யோசித்தது.

"போங்க," என்றாள் தெய்வமணி. "இஞ்ச இருந்து தலையாட்டிக்கு முன்னால நடக்கிறதவிட அங்க போய் வெள்ளக்காரனுக்கு முன்னால ஆடுறது நல்லம்."

கொழும்புப் பயணம்தான் இசைக்குழு கலைந்தபிறகு அவருடைய முதல் கச்சேரியாக அமைந்தது. முதல் சோதனைச்சாவடியில் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வரிசையில் நின்றார்கள். எக்கோடியன் பெட்டியைத் திறந்ததும் சிப்பாய் ஓரடி பின்னால் போனான். உள்ளே கட்டைகளும் பித்தளையும் மடிப்பு மடிப்பாகத் தோலும். "மேக்க மொகத்த?" என்று சிங்களத்தில் கேட்டான். இது என்ன என்று எந்தப் பாஷையிலும் விளக்க வினாயகமூர்த்திக்கு வாய் வரவில்லை. மாட்டிக்கொண்டு, சிங்களவர் விரும்பி ஆடுகிற ஒரு பைலா மெட்டை வாசித்தார். சிப்பாயின் முகம் முதலில் இளகியது, பிறகு கால் இளகியது. பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டான். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். மூன்றாவது பாட்டில் ஒருவன் துவக்கைத் தோழனிடம் கொடுத்துவிட்டு இடுப்பை ஆட்டினான். பஸ் முழுவதையும் சோதிக்காமலே விட்டுவிட்டார்கள்.

அடுத்த சாவடி வந்தபோது கண்டக்டர் பின்னால் ஓடிவந்தார். "அண்ணன், நீங்க முதல்ல இறங்குங்க. மத்த ஆக்கள் எல்லாம் இருங்க. அண்ணன் வாசிக்கட்டும்!" அப்படியே ஒவ்வொரு சாவடியாக வாசித்து வாசித்து மன்னம்பிட்டி தாண்டும்போது அவருக்கு விரல் வீங்கிவிட்டது. ஓரிடத்தில் மட்டும் ஒரு முசுட்டு அதிகாரி, பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லாப் பைகளையும் கொட்டவைத்தார். சனம் அதற்கும் வினாயகமூர்த்தியையே ஏசியது. "நல்ல பாட்டா ஒண்டு வாசிச்சிருக்கலாமே மனிசன்" என்றார் ஒரு பெரியவர், கொட்டிய நெத்தலிக் கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டு.

கொழும்பில் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் அவர்களைச் சோதித்தவர் வழுக்கைத்தலை கிரேக்கர் ஒருவர். ஆங்கிலத்தில் கேட்டதை ஹலீம் மொழிபெயர்த்தார். "லத்தீன் பாட்டுத் தெரியுமா எண்டு கேக்கார்."

நீர்கொழும்பு அன்ரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சிறு வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தவர். எழுந்து நின்று, கண்ணை மூடி, மரணவீட்டுப் பூசையில் பாடும் லத்தீன் கீதம் ஒன்றை அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டார். அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். கிரேக்கர் வாயைப் பிளந்தபடி கேட்டிருந்துவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். அவர் கேட்டது தென் அமெரிக்காக்காரர் ஆடுகிற லத்தீன். அது தெரியாமல் மூவரும் விழித்தார்கள். வினாயகமூர்த்திதான், போனது போகட்டும் என்று, பறங்கிக் கலியாணங்களில் வாசிக்கிற கப்ரிஞ்ஞா மெட்டைத் தொடங்கினார். ஹலீம் மேசையில் தாளம் போட்டார். கிரேக்கரின் கால் மேசைக்கடியில் தட்டத் தொடங்கியது. போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் விட்டுப்போன சரக்கு அன்றைக்கு உதவியது. மெக்சிக்கோக்காரரைக் கொண்டுவர அதிகம் செலவாகும், இவர்களும் அதே நிறம்தானே என்று தீர்மானித்து அவர் மூவரையும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஏதென்ஸ் துறைமுகத்தில் நின்ற ‘ஏஜியன் லிலி’ நம் வாவியைவிட உயரமாக இருந்தது. வாவிக்கு உயரம் கிடையாது என்று ஹலீம் சொன்னார். பார்த்தவுடன் அப்படித்தான் தோன்றியது என்றார் வினாயகமூர்த்தி. உடுப்பு அறையில் ஆளுக்கொரு கறுத்தச் சட்டை, வெள்ளிப் பொத்தான் வைத்த இறுக்கமான காற்சட்டை, கூரைபோல அகன்ற மெக்சிக்கோத் தொப்பி ஒன்று. தொப்பியுடன் கதவால் நேராகப் போக முடியாது, நண்டுமாதிரிப் பக்கவாட்டில்தான் போகலாம். நெஞ்சில் குத்துகிற பெயர்ப்பட்டியில் வினாயகமூர்த்தி என்ற பெயருக்கு இடம் போதவில்லை. முன்னாலிருந்த எழுத்துகளைத் தங்கள் வாய்க்கு வந்தபடி சுருக்கிப் பொறித்து, வினோ என்று தந்தார்கள்.

கப்பல் வெளிக்கிட்ட மறுகணமே வினோ படுத்துவிட்டார். வாவிக்காரனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்த தண்ணீரும் தங்கவில்லை. "நீ மீன் பிடிக்கிற ஊரான் எண்டு நான் எல்லாரிட்டயும் சொல்லி வச்சிரிக்கன், மானத்த வாங்காத" என்று ஹலீம் வாளியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அது தணிந்து எழும்பி மேல்தளத்தில் நீச்சல் தடாகத்தின் அருகே முதல் முறை வாசிக்க வந்தபோது, பிரயாணிகள் அவருடைய நெஞ்சைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு கிழவர் அவரிடம் சிவப்பில் ஒன்று கேட்டார். இன்னொரு பெண் வெள்ளையில் ஒன்று கேட்டாள். நிறத்தைப் பற்றிய பாட்டு ஏதும் கேட்கிறார்களாக்கும் என்று அவர் தலையாட்டித் தலையாட்டி வாசித்தார். ஸ்பானிஷில் வினோ என்றால் வைன் என்று, சமையலறையில் வேலைசெய்த பிலிப்பைன்காரன் ஒருவன் பிறகு சொல்லித்தான் தெரியும். ஸ்பானிஷ் பேண்டில் வாசிக்கிற ஆளுக்கே அது தெரியாதா என்று அவன் ஒருமாதிரியாகப் பார்த்தான்.

வில்லங்கம் வந்தது பமேலாவால். கப்பலின் கேளிக்கைகளுக்கெல்லாம் பொறுப்பான அந்த ஆங்கிலப் பெண், பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் பாட்டுக்கு நடுவே சபையோடு கொஞ்சம் ஸ்பானிஷ் பேசவேண்டும், அதைத்தான் சனம் விரும்பும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூவரும் தொப்பிகளைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தார்கள். பாட்டில் வருகிற ஸ்பானிஷ் சொற்களே அவர்கள் கசட்டைக் கேட்டு மனப்பாடம் செய்தவை. எது ஆளின் பெயர், எது அன்பு, எது குதிரை என்று தெரியாது.

"நம்மட பாஷையில கதையன்," என்றார் ஹலீம். "கையக் காலை ஆட்டிக் கதைச்சா இஞ்ச ஆருக்கு மச்சான் விளங்கப் போகுது?"

அன்று மாலை வினாயகமூர்த்தி ஒலிவாங்கியைப் பிடித்தார். "எல்லாருக்கும் வணக்கம். என்ட பேர் வினாயகமூர்த்தி. ஊர் பெரியகல்லாறு. இந்தத் தொப்பி என்ட தலையத் திண்ணுது" என்றார். கைதட்டு. "முன்னுக்கு இருக்கிற மொட்டத்தலை ஐயா மத்தியானம் மூணு தட்டு றால் திண்டவர், அவருக்காக அடுத்த பாட்டு" என்று கையை நீட்டினார். மொட்டைத்தலை ஐயா எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்து வணங்கினார். பமேலா தூரத்தில் நின்று பெருவிரலைக் காட்டினாள்.

அதன்பிறகு அவருக்குப் பிடித்துவிட்டது. ஊரில் எத்தனை வருடமாக மழையைப் பற்றி மட்டும் கதைத்த வாய்! சுவருக்கும் காது, வேலிக்கும் காது என்று மனைவியிடம்கூடக் குசுகுசுத்த வாய். இங்கே கையில் ஒலிவாங்கி, முன்னால் நிறையச் சனம், என்ன சொன்னாலும் கைதட்டு. ஒரு நாள் பம்மின் கதையை எடுத்தார். "ஆமிக்காரா, நீ கொண்டு போன பம் எங்க? இயக்கக்காரா, நீ கொண்டு போன பம் எங்க? உங்க ரெண்டு பேருக்கும் சண்டையெண்டா நீங்க பிடியுங்க, என்ட பம்முக்கு என்னடா உங்களோட பகை?" எக்கோடியனை இழுத்து ஒரு சோகச் சுரம் கொடுத்தார். முன்வரிசைப் பெண் ஒருத்தி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். மைதானத்தில் வெயிலில் இருத்தியதை ஏசினார். தலையாட்டியை ஏசினார். ஒலிபெருக்கி அனுமதியை ஏசினார். பெரிய பெரிய ஆட்களை எல்லாம் பெயர் சொல்லி ஏசினார். ஏசி முடித்துக் கீழே வரும்போது பத்து வயது குறைந்தமாதிரி உடம்பு லேசாக இருந்தது. "நீ இப்பிடியே கதைச்சா நாங்க பாட்டு வாசிக்கத் தேவையில்ல" என்றார் அன்ரன், கொஞ்சம் பொறாமையுடன்.

ஏசுவதற்கு ஆட்கள் தீர்ந்துபோனபோது வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"குருக்கள்மடத்துப் பொம்புளையளப் பத்தி உங்களுக்குத் தெரியாது," என்றார் ஒரு மாலை, ஒரு ஜேர்மன் தம்பதியைப் பார்த்து உருக்கமாக. "கட்டிப்போட்டுத் திரியிற எனக்குத்தான் தெரியும். கறிக்கு உப்புப் போடத் தெரியாது. ஏன் கா உப்பில்ல எண்டு கேட்டா, கறியில போடாத உறைப்பையெல்லாம் வாயில போட்டுக் கதைப்பாளுகள். அந்த ஊருல ஆம்புளையள் கோயிலுக்குப் போறதே அங்க பொங்கல்ல உப்பு இருக்கும் எண்டுதான்!"

வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒரு சிரிப்பு மட்டும் வேறு மாதிரி இருந்தது. மற்றவர்கள் அவர் கையை ஆட்டியதற்குச் சிரித்தார்கள். அது பொங்கலுக்குச் சிரித்தது. சிரித்து, உடனே வெட்டியதுபோல நின்றது.

வினாயகமூர்த்தி பார்த்தார். கடைசி மேசையில், குளிருக்குச் சட்டை போட்டு அதன்மேல் நீலக் காஞ்சிபுரம் சேலை கட்டிய ஒரு அம்மா. அவர் கண்ணெடுக்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எக்கோடியன் கையில் பாதி இழுத்தபடி நின்றுவிட்டது. ஹலீம் குனிந்து, "என்ன மச்சான்?" என்றார்.

"தமிழ் ஆள் ஒண்டு இருக்குது."

ஹலீமின் குச்சி கீழே விழுந்தது. மூவரும் அடுத்த பாட்டை வேறு வேறு சுருதியில் வாசித்து முடித்துக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினார்கள். வினாயகமூர்த்தி தொப்பியைக் கழற்ற மறந்து வாசலில் சிக்கினார்.

அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தபோதுதான் ஒவ்வொன்றாக யோசனை வந்தது. அந்த அம்மா யார்? யாருடைய தாய், யாருக்கு மாமி? வெளிநாட்டுத் தமிழருக்குள் யாருடைய ஆட்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? இவ்வளவு நாளும் இதே கப்பலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருப்பாரோ? ஒரு சொல் ஊருக்குப் போனால் போதும், தெய்வமணி வீட்டில் தனியாக இருக்கிறாள். எங்கோ மத்தியதரைக் கடலில் மிதந்துகொண்டிருந்த கப்பலுக்குள், கடையின் முன்னால் சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் அவருக்குக் கேட்டது. அடுத்த நாள் வயிற்றுவலி என்று சொல்லி அறையை விட்டு வெளியே வரவில்லை. அன்ரன் செபமாலையை எடுத்து ஆளுக்கொரு தடவை கையில் கொடுத்தார். ஹலீம் அதை மரியாதையுடன் வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தார்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. பயணிகள் வரக்கூடாத அடித்தளத்துக்கு, ஒரு பிலிப்பைன் பையனை வழிகாட்டச் சொல்லி, அந்த அம்மா வந்து நின்றார். பின்னால் அவருடைய மகன், லண்டனில் கணக்காளராக இருக்கும் நல்லரத்தினம், "அம்மா, இஞ்ச வரப்படாது, போர்டு போட்டிருக்கு" என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"நான் சீதேவிப்பிள்ளை," என்றார் அம்மா. "குருக்கள்மடத்துத் தபாற்கந்தோர்ல போஸ்ட்மிஸ்ரஸா இருந்தனான். நீ வா மனே முன்னுக்கு."

வினாயகமூர்த்தி எழுந்து நின்றார். கட்டிலின் மேல்தட்டில் தலை இடித்தது.

"அம்மா, நான் சொன்னதெல்லாம் சும்மா பகிடிக்கு. ஆமியையும் இயக்கத்தையும் நான்..."

"அதுகள் ரெண்டையும் நீ ஏசினது எனக்குக் காரியமில்ல," என்றார் சீதேவிப்பிள்ளை. "நானும் ஏசுறனான். என்ட மகன் சத்தமா ஏச விடுறானில்ல, பக்கத்து வீட்டுக்குக் கேக்குமாம். நீ ஏசக்கொள்ள நான் ஒவ்வொரு நாளும் வந்திருந்து கேட்டனான், வயிறு குளுந்திச்சு. ஆனா குருக்கள்மடத்துப் பொம்புளையளுக்கு உப்புப் போடத் தெரியாதெண்டு எந்த வாயால சொன்னாய்? அதுக்கு எனக்குப் பதில் வேணும்."

அறையில் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது. ஹலீம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், முதுகு குலுங்கியது.

"பிழைதான் அம்மா. மன்னிச்சிக் கொள்ளுங்க."

"இஞ்ச அறைக்குள்ள மன்னிப்புக் கேட்டா ஆருக்குத் தெரியும்? எங்க வச்சு ஏசினியோ அங்க வச்சுக் கேள். நான் முன்னுக்கு வந்து இருப்பன்."

"அம்மா, அங்க ஒருத்தருக்கும் தமிழ் விளங்காதே" என்றார் நல்லரத்தினம்.

"ஏசக்கொள்ளயும்தான் விளங்கல்ல. ஏச்சு ஏச்சுத்தானே?"

கணக்காளர் அம்மாவைக் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனார்.

அன்று மாலை முன்வரிசை நடு நாற்காலியில் சீதேவிப்பிள்ளை நெற்றியில் திருநீறும் பொட்டுமாக நீதவான்போல அமர்ந்திருந்தார். வினாயகமூர்த்தி தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். ஆமியை ஏசுவது லேசு. மன்னிப்புக் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது, அதுவும் ஒருவர் விளங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது.

"குருக்கள்மடத்துத் தாய்மாரே," என்று தொடங்கினார். "நான் ஒரு வாய்க் கொழுப்பெடுத்தவன். உங்கட கறியில உப்பு இருக்கு. எல்லாம் இருக்கு. என்ட பெண்சாதி தெய்வமணி ஆக்குற றால் கறிக்கு இந்தக் கப்பலே ஈடாகாது. இஞ்ச எனக்குத் தாற சாப்பாடு அவிச்ச கிழங்கு, அவிச்ச கோழி, அவிச்ச புல்லு. வந்த நாள் தொட்டு அவள்ற கறிய நினைச்சுத்தான் திண்டுக்கிட்டு வாறன். ஊருல அவளோட ஒரு நாளும் நான் சத்தமாக் கதைச்சதில்ல. ஏசினதும் மெல்ல, கொஞ்சினதும் மெல்ல. பயத்துல அப்பிடியே பழகிப்போச்சு. அவள் என்ன செய்றாளோ, ஆர் வந்து கதவத் தட்டுறானோ எண்டு நினைச்சாத்தான் எனக்குப் பம்மும் இல்ல, உப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல..."

குரல் உடைந்துவிட்டது. இது அவர் சொல்ல நினைத்து வந்ததில்லை. மறைக்கிறதற்காக முழந்தாளிட்டு எக்கோடியனை இழுத்தார். ஹலீமும் அன்ரனும் மெதுவாகப் பின்னால் சேர்ந்தார்கள்.

சபை எழுந்து நின்றது. நீலச் சேலைக்காரிக்கு மெக்சிக்கோ முறையில் காதல் சொல்லிவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மேசைகளிலிருந்த பூக்களை எடுத்து எறிந்தார்கள். மொட்டைத்தலை ஐயா, கப்பலை விட்டு இறங்காமல் அடுத்த சுற்றுக்கும் இருந்தவர், சீதேவிப்பிள்ளையின் கையைப் பிடித்து, சம்மதம் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் வற்புறுத்தினார். நல்லரத்தினம் நாற்காலிக்குக் கீழே புகுந்துகொள்ள இடம் தேடினார். சீதேவிப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏத்துக்கொண்டனெண்டு அந்த மனிசனுக்குச் சொல்லடா" என்றார்.

பமேலா ஓடிவந்தாள். தினமும் கடைசியில் இது வேண்டும், முழந்தாள், உடைந்த குரல், எல்லாம் அப்படியே என்றாள். வினாயகமூர்த்தி முடியாது என்று தலையசைத்தார். கப்பலில் அவர் முடியாது என்று சொன்னது அந்த ஒரே ஒரு முறைதான். மறுநாளிலிருந்து மன்னிப்பு மெட்டில் விலாங்குமீன் பிடிக்கிற விதத்தைச் சொன்னார். அதற்கும் பூ விழுந்தது.

ஒப்பந்தம் முடிந்து, எல்லாச் சாவடிகளிலும் பழையபடி வாசித்து, வினாயகமூர்த்தி ஊர் வந்து சேர்ந்தபோது தெய்வமணி வாசலில் நின்றாள். சீதேவிப்பிள்ளை லண்டன் போய்ச் சேர்ந்த கையோடு கொழும்பிலிருந்த தங்கைக்குப் போன் எடுத்திருந்தார். தங்கை குருக்கள்மடத்துக்கு வந்திருந்தாள். குருக்கள்மடத்துக்கு வந்த செய்தி பெரியகல்லாற்றுக்கு வர எவ்வளவு நேரம்?

முதலில் சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்தாள். பிறகு கேட்டாள். "வெள்ளக்காரனுக்கு முன்னால என்னைப் பத்தி என்னவோ சொன்னீங்களாம். அந்தம்மா அழுததாம். எனக்குச் சொல்லுங்களன்."

வினாயகமூர்த்தி வேலியைப் பார்த்தார். வீதியைப் பார்த்தார். சன்னலைச் சாத்தப் போனார். "மழ வரும் போல..." என்று குரல் தானாக இறங்கியது.

தெய்வமணி அவரைக் கையைப் பிடித்து எழுப்பினாள். வாவிக்கரையில் அவருடைய தம்பியின் தோணி கட்டிக்கிடந்தது. அவரை ஏறச் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, கம்பை ஊன்றித் தானே தள்ளிக்கொண்டு போனாள். நல்ல பகல் வெயில். கரை சிறுத்து, வேலிகள் மறைந்து, எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீராக இருந்த இடத்தில் கம்பைக் குத்தி நிறுத்தினாள்.

"இஞ்ச ஒரு காதும் இல்ல. இப்ப சொல்லுங்க."

கப்பலில் ஒலிவாங்கி இருந்தது, தொப்பி இருந்தது. இங்கே தெய்வமணியின் முகம் மட்டும் இருந்தது. இருமினார். றால் கறியிலிருந்து தொடங்கினார். "சத்தமா" என்றாள். கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "இன்னும்" என்றாள். கடைசியில் எழுந்து நின்று கத்தினார். தோணி ஆடியது. எல்லாவற்றையும் சொன்னார், உடைந்த இடத்தில் இன்னொரு தரமும் உடைந்தார். தெய்வமணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இரிங்க. இப்ப என்ட முறை" என்றாள்.

அவள் எழுந்து நின்று, அவர் போன நாளிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். ஆமி, இயக்கம், ஊர் விதானை, கல்முனைத் தொலைபேசிக் கடைக்காரன், மாமியார், கடைசியில் வினாயகமூர்த்தி என்று ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. அவர் பமேலாவைப்போலப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். அது என்னவென்று விளங்காமல் அதற்கும் சேர்த்து ஏசினாள்.

தூரத்தில் வலை வீசிக்கொண்டிருந்த ஊர்க்காரர் கோணாமலை கையை வாயில் குவித்துக் கூப்பிட்டார். "ஆரங்க சண்ட பிடிக்கிற? தோணி கவிளப் போகுது!"

"சண்ட இல்ல அண்ணன்," என்று வினாயகமூர்த்தி திருப்பிக் கத்தினார். "புருசனும் பெண்சாதியும் கதைக்கிறம்!"

அடுத்த ஒப்பந்தத்துக்குப் புறப்படும்வரை அவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது அப்படித் தோணியில் போய்வந்தார்கள்.